மாமா போடாத வேஷம்

மர்பி டவுனில் வருஷா வருஷம் நடக்கும் வெரைட்டி போட்டியில் எங்கள் சந்துக்குத்தான் பரிசு. பாட்டு, மேஜிக் என்று மற்ற சந்துக்காரர்கள் தலைகீழாக நின்றாலும் என் தாய்மாமா மேடையேறினால் போச்சு. ‘பேக பா’ என்று கன்னடத்தில் அவசரப்படுத்தும் பால்காரக் கௌடர், தொப்பையைத் தடவும் போலீஸ்காரர் என்று அக்கம்பக்கத்து ஆட்களையே அச்சாக நடித்துக்காட்டுவார். கடைசி வேஷம் எப்போதும் கொத்து மேஸ்திரியான என் அப்பா. சம்பந்தப்பட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார்கள். தங்களை விட்டுவிட்டால்தான் கோபித்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா அவரோடேயே இருந்தாள். குழந்தைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். எனக்கோ அப்பாவைப் பார்க்காமல் இருக்கவே முடியவில்லை. மாமா நடித்தாலாவது பார்த்துவிடலாமே என்றுதான் பக்கத்து வீட்டு அக்காவோடு போய் உட்கார்ந்தேன்.

சாயங்காலம் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னைக் கூட்டிப்போக வந்தார். அதற்குள் எங்கள் சந்தின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கும் முன்பே பையன்கள் அலாக்காகத் தூக்கி மேடையில் விட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமலோ என்னவோ, அவரும் ஆரம்பித்துவிட்டார். கௌடர் வந்தார், போலீஸ்காரர் வந்தார். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

“யோவ், மேஸ்திரியப் போடுய்யா!” என்று யாரோ கத்தினார்கள்.

மாமா தலையை ஆட்டி மறுத்தார். சிரிப்பு சட்டென்று அடங்கியது. உயிரோடு இருப்பவர்களைத்தான் அந்த மேடையில் நடிப்பது, செத்தவரைப் போடுவதில்லை. முன்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

“எங்கப்பாவ மட்டும் ஏன் வுட்ட? போடு மாமா!”

மாமா இறங்கி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் அவர் முதுகில் அடித்தேன். “அப்பாவோட சண்டையா நீ? அம்மாகிட்ட சொல்றேன் இரு,” என்று அழுதேன். 

எங்கள் சந்து முனையில் என்னை இறக்கிவிட்டார். தொண்டையைக் கனைத்து, அப்பா வேலை முடிந்து வந்ததும் கேட்கிற அதே குரலில் கேட்டார்.

“இன்னாம்மா கண்ணு, சோறு துன்ட்டியா?”

அப்பாவேதான்! அழுகை போன இடம் தெரியவில்லை.

“இன்னொரு வாட்டி மாமா!” என்று கைதட்டினேன்.

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டார். அதையும் நடிப்பென்று நினைத்து நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.