மார்த்தாள் போட்ட வெள்ளைச் சட்டம்

சாலவாக்கத்திலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்புகிற முனையில் மார்த்தாள் அக்காவின் தையல் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகர ஷெட்டு, ஒரு மிஷின், பைபிள் வசனக் காலண்டர், கொடியில் தொங்கும் ஜாக்கெட்டுகள். அவ்வளவுதான். என் மனைவி பிரபா அங்கே ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கிற வேலைக்குப் போகிறாள். அதனால் கடையில் நடக்கிற எதுவும் அன்று சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிடும்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. கணவர் தவறிப் பல வருஷம் ஆகிறது. வாய் ஓயாது, கையும் ஓயாது. அளவெடுக்கும்போதே, "போன தபாவ விட பெருத்துட்டியே" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் தையல் அப்படி உட்காரும். அளவெடுத்துக்கொண்டே இயேசுவைப் பற்றியும் சொல்வார். எங்கள் சபையில் பாதிப் பெண்கள் அப்படி வந்தவர்கள்தான்.

ஏரிக்கரை ஓரம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சபை எங்களுடையது. நான் அங்கே டோலக் தட்டுகிறவன். பாஸ்டர் தானியேல் தங்கமான மனுஷன். ஒரே குறை, பக்தியான குரலில் யார் எதைச் சொன்னாலும் "ஆமென்" என்றுவிடுவார். அந்த ஆமென்னில்தான் வெள்ளைச் சட்டம் பிறந்தது.

போன வருஷம் உபவாசக் கூட்டத்துக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்தார். பரலோகத்தில் பரிசுத்தவான்கள் வெள்ளை உடுத்தியிருப்பார்கள் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அடுத்த வாரம் அக்கா காஞ்சிபுரம் போனார், வெள்ளைத் துணி மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பெரிய கட்டாக வாங்கி வந்தார். அதற்கும் அடுத்த வாரம் அவருக்குக் கனவு வந்தது. எங்கள் சபைப் பெண்கள் எல்லோரும் வெள்ளைச் சேலையில், இயேசுவின் நினைவாக அப்பம் எடுக்கிற பந்திக்கு நடந்து போகிற மாதிரி. சபையில் எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. பாஸ்டர் ஆமென் என்றார்.

அன்றிலிருந்து, மாதத்தின் முதல் ஞாயிறு அப்பம் பிட்கும்போது பெண்கள் வெள்ளையில் வந்தால்தான் பந்தி என்று ஆயிற்று. அப்புறம் சட்டத்துக்கு வால் முளைத்தது. கை முழங்கை வரை இருக்க வேண்டும் என்றார்கள். கழுத்து இறங்கக் கூடாது என்றார்கள். கடைசியில் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கும் வெள்ளை வந்தது. எல்லாம் அக்கா மிஷினில்தான். ஆண்களுக்கு மட்டும் சட்டம் எதுவும் வரவில்லை. எங்களுக்குத் தைக்கிறவர் உத்திரமேரூரில் இருக்கிறார்.

இதை நான் வீட்டில் சொல்லிச் சிரித்ததற்கு பிரபா ரசத்தை ஊற்றாமல் வைத்துவிட்டாள். அக்கா ஏமாற்றுக்காரி இல்லை என்று சண்டைக்கு வந்தாள். இல்லைதான். அதுதான் எனக்கு எரிச்சலே. ஏமாற்றுகிறவராக இருந்தால் பிடித்து நாலு கேள்வி கேட்டுவிடலாம். முழங்காலில் நின்று மனதார நம்புகிறவரை என்ன செய்வது?

சபையில் செவ்வந்தி என்று ஒருத்தி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அக்காவால் விசுவாசத்துக்கு வந்து ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தவள். அவள் கணவர் கிருஷ்ணசாமி சபைக்கு வருகிறவர் இல்லை, ஆனால் தடுக்கிறவரும் இல்லை. மொபெட்டில் அவளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு வயலுக்குப் போவார். சட்டம் வந்த மாதம் செவ்வந்தி யாரிடமோ வெள்ளைச் சேலை இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். மாமியார் தெருவில் உட்கார்ந்து மாரடித்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலை எப்போது கட்டுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கணவனை இழந்த அக்காவுக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை.

கிருஷ்ணசாமி நேராகத் தையல் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"யக்கா, நான் குத்துக்கல்லாட்டம் உயிரோட கீறேன். எம் பொண்டாட்டி இன்னாத்துக்கு வெள்ள கட்டணும்? சாமி கும்பிடட்டும், நான் வாணாங்கல. என்ன சாவடிச்சிட்டுக் கும்பிட வாணாம்."

கொக்கி வைத்துக்கொண்டிருந்த பிரபாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லையாம். அக்கா சிரிக்கவில்லை. உலகத்தாருக்கு ஆவிக்குரிய காரியம் புரியாது என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு செவ்வந்தி வழக்கமான கலர்ச் சேலையில் வருவாள், கடைசி வரிசையில் சுவரோரம் உட்காருவாள். அப்பத் தட்டு அவளைத் தாண்டிப் போகும். பெண்கள் பக்கம் தட்டுக்கு வழிகாட்டுகிறவர் அக்காதான். செவ்வந்தி முணுமுணுக்கவும் இல்லை, வராமல் நிற்கவும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு டோலக் தட்ட எனக்குக் கை வராது. ஏதாவது பேசித் தொலைத்துவிடுவேனோ என்று பயந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு முதல் ஞாயிறுக்கு முந்தின நாள் செவ்வந்தி தையல் கடைக்கு வந்தாள். வெள்ளையில் ஒரு ஜாக்கெட் தைக்க வேண்டும் என்றாள். அக்காவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். கர்த்தர் உன் வீட்டுக்காரர் மனசை மாற்றினாரா என்று கேட்டுக்கொண்டே டேப்பை எடுத்தார்.

"அவரு மாறலக்கா. அவருக்குத் தெரியாது. தெச்சி இங்கியே வெச்சிக்கோங்க, சேல இரவல் வாங்கிக்கிறேன். ஞாயித்துக்கெயம இங்க வந்து மாத்திக்கினு சபைக்கு வரேன், போம்போது அவுத்து வெச்சிட்டுப் போறேன். வூட்ல கேட்டா ஒரு பொய் சொல்லிக்கிறேன். பந்தியில ஒக்காராம என்னால இருக்க முடியலக்கா."

அக்கா அளவு எடுத்தார். துணியை விரித்து வெட்டவும் செய்தார். மிஷினில் உட்கார்ந்து ஒரு கையை மூட்டினார். பிறகு அப்படியே நிறுத்திவிட்டார். செவ்வந்தி போய் வெகு நேரமாகியும் மிதிக்கவில்லை. பிரபா கிளம்பும்போது அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏம்மா பிரபா, நான் மட்டும் கீரை வித்துக்கினு இருந்திருந்தா, எனக்கு அந்தக் கனவு வந்திருக்குமா?"

இதை பிரபா வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள். எனக்கு அன்றைக்குக் கிண்டல் வரவில்லை.

மறுநாள் சபையில் எல்லாப் பெண்களும் வெள்ளையில் உட்கார்ந்திருக்க, மார்த்தாள் அக்கா கிளிப்பச்சைச் சேலையில் உள்ளே வந்தார். சிவப்புக் கரை வேறு. எனக்கு டோலக்கில் தாளம் தப்பியது. அக்கா தன் முன்வரிசை இடத்துக்குப் போகாமல் கடைசி வரிசையில் செவ்வந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சாட்சி நேரம் வந்ததும் எழுந்தார்.

"கனவு வந்துச்சின்னு சொன்னேன். பொய் இல்ல. ஆனா துணி வாங்கி வெச்ச அப்பறந்தான் வந்துச்சி. என் ஆசையத் தேவனோட சத்தம்னு நெனச்சிட்டேன். நானே நம்பிட்டேன். இந்தப் பொண்ணு பந்திக்கு வரணும்னா புருஷங்கிட்ட பொய் சொல்லணும்ன்ற அளவுக்குக் கொண்டாந்து வுட்டுட்டேன். இயேசப்பா வாங்கன்னு கூப்ட்டாரு. வாசல்ல டேப் வெச்சிக்கினு நின்னது நானு. இனிமே வெள்ள கட்ற ஆசை கீறவங்க கட்டுங்க. பந்திக்கு ஒண்ணும் வாணாம்."

ஆமென் சொல்ல ஆளில்லை. முன்வரிசையில் ரெண்டு பேர் முறைத்தார்கள்; புதுசாகத் தைத்த வெள்ளைக்கு என்ன பதில் என்கிற முறைப்பு. இந்தச் சட்டத்துக்குத் தலையாட்டியது தன் தப்பு என்று பாஸ்டரும் சொன்னார். பிறகு அப்பத்தைப் பிட்டுத் தட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, முன்வரிசையை விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிசைக்கு நடந்தார்.

செவ்வந்தி இரண்டு கையாலும் வாங்கினாள். களைச்செடி பிடுங்கிக் காய்ப்பு ஏறிய கை. அதில் அந்தத் துண்டைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு வெட்கமில்லை.

அடுத்து அக்கா. அவர் கையை நீட்டவில்லை. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு பாஸ்டரிடம் ஏதோ மெல்லச் சொன்னார். இத்தனை பெரிய தப்புப் பண்ணிவிட்டு இன்று எடுக்கத் தனக்கு யோக்கியதை இல்லையாம். ஒரு மாதம் உபவாசம் இருந்து தன்னைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, அடுத்த பந்திக்கு வருவாராம். பாஸ்டருக்கு அதுவும் பக்தியாகவே பட்டது போல. தட்டை நகர்த்தினார்.

செவ்வந்தி தட்டின் விளிம்பைப் பிடித்து நிறுத்தினாள்.

"அடுத்த மாசத்துக்குள்ள இன்னாத்தக்கா தெச்சிப் போட்டுக்கினு வரப் போறீங்க? பந்திக்கு ஒண்ணும் வாணாம்னு இப்பத்தான சொன்னீங்க? அது எங்களுக்கு மட்டுந்தானா? எடுங்கக்கா."

அக்கா அழுதுகொண்டே எடுத்தார்.