மீன் சாப்பிடாத அக்காவின் மீன்குளம்

எங்கள் அன்பு அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களுக்காக இதை எழுத உட்கார்ந்தால் அழுகையை முந்திக்கொண்டு சிரிப்புதான் வருகிறது. அக்கா வாழ்ந்த வாழ்க்கை அப்படி.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கவே, நான்கு வயதில் வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார். அப்பா திடீரென்று காலமானதும் படிப்பை விட்டுவிட்டு, அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து என்னையும் தங்கையையும் ஆளாக்கினார். தனக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை.

அதே அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்தவர் மாலதி திதி; அங்கே 'திதி' என்றால் அக்கா. ஓய்வு பெற்ற மறுமாதமே அவரோடும் அவர் ஊர்ப் பெண்கள் மூவரோடும் சேர்ந்து, நகருக்குத் தெற்கே ஆகாயத்தாமரை மூடிக் கிடந்த ஒரு கிராமத்துக் குளத்தை அக்கா குத்தகைக்கு எடுத்தார். நாங்களோ சைவக் குடும்பம். சித்தப்பா போனில் கொதித்தார்.

"மீனா? நம்ம வீட்டுப் பொண்ணா?"

"திங்கல சித்தப்பா, வளக்கத்தான செய்யுதேன்."

குளத்தில் இரட்டிப்பு மீன்குஞ்சு விட்டால் இரட்டிப்பு மீன் கிடைக்கும் என்று அக்கா நம்பினார். "இவ்வளவு வேண்டாம் திதி, மூச்சு முட்டும்" என்று மாலதி திதி தடுத்தும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் மூன்று நாள் வெயிலே காணாமல் போக, ஒரு விடியலில் குளமெங்கும் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. அன்று நானும் அங்கிருந்தேன். நீச்சல் தெரியாத அக்கா புடவையைச் செருகிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று மூங்கிலால் அடிக்கத் தொடங்கினார்.

"ஏல, என்ன பாத்துக்கிட்டு நிக்கே? எறங்குல!"

வெயில் ஏறும்வரை ஆறு பேரும் அடித்தோம். பெரும்பாலான மீன்கள் பிழைத்தன. கரையேறியதும் எல்லார் முன்னாலும் அக்கா வங்க மொழியில் சொன்னார்: "தப்பு என்னோடது மாலதி. இனிமே நீ சொல்றபடிதான்."

மறு ஆண்டு பாதிக் குஞ்சுதான் விட்டார்கள். மேல்மட்டத்தில் இரை தேடும் கட்லா, நடுவில் ரோகு, அடியில் மிருகால். மீன்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் எடையில் முந்தைய ஆண்டை மிஞ்சிவிட்டன. கரைக்கே வந்து வாங்கும் தரகருக்குக் கொடுக்காமல், அலுமினியப் பானைகளில் வழியெல்லாம் கையால் தண்ணீரை அளைந்தபடி, லோக்கல் ரயிலில் உயிரோடு கரியாஹாட் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். துள்ளும் மீனுக்கு விலையே தனி. கூவி விற்றவர் அக்காதான்! ருசி எப்படி என்று கேட்பவர்களிடம், "எனக்கெப்படித் தெரியும்? மாலதியைக் கேளுங்க" என்பார். இரண்டே ஆண்டில் மாலதி திதி துடைப்பத்தைக் கீழே வைத்தார்.

அக்கா படுக்கையில் இருந்த கடைசி மாதங்களில் அந்த நான்கு பெண்களும் முறை வைத்து முதல் ரயிலில் வந்து பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும், இரவு பகல் பாராமல் உதவிய அண்டை வீட்டாருக்கும், ஊரிலிருந்து ஓடி வந்த உறவினர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த ஆண்டு குஞ்சு விடும் நாளுக்கு எங்களையும் அழைத்தார்கள். முதல் பானையை மாலதி திதி தங்கையின் கையில் கொடுத்தார். அவள் மெல்லச் சாய்த்தாள். குத்தகைப் பத்திரத்தில் அக்காவின் இடத்தில் இப்போது அவள் பெயர் இருக்கிறது.