மலையில் பழைய குழிகளைத் தேடிய எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். வேறு ஆள் கிடைக்காததே காரணம். அண்ணனாக இருந்தால் நான்கு வரி எழுதி, அதில் இரண்டை அடித்திருப்பார். நான் எழுதினால் எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிவிட்ட குற்றத்துக்காகப் பொறுத்தருளுங்கள்.

அண்ணன் ஆரணியில், நெசவுத் தெருவில், ஓயாத தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்தார். ஆறு வருஷம் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். அதற்குப் பிறகு தறிச் சத்தம் யார் காதிலும் விழவில்லை என்று அம்மா சொல்வதுண்டு. ஆண்டவர் எங்கள் வீட்டுக்கு அளந்துவைத்த பேச்சில் அண்ணன் தம் பங்கைத் தொடாமலே விட்டுவைத்தார். அதையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்டேன்.

தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஊரில் தறிகள் நின்றன. சோற்றுக்கில்லாத வருஷத்தில் பட்டுப்புடவை யாருக்கு வேண்டும்? ஜவ்வாது மலையில் இரும்புக் கல் வெட்டினால் கூலியாகச் சாமை அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்கள் தகப்பனார் படவேட்டு வழியாக நடந்து போனார். போனவர் திரும்பவில்லை. செய்தியும் வரவில்லை. மழை பெய்து பஞ்சம் தெளிந்து தறிகள் மறுபடி ஓடின. அப்போது தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. மொரீசுத் தீவுக்கு ஆள் பிடிக்கிறவர்களோடு அவர் கப்பல் ஏறிவிட்டார், பெண்டாட்டி பிள்ளைகளைப் பட்டினியில் விட்டுவிட்டுத் தப்பித்துப் போனார் என்பதே அந்தப் பேச்சு.

அம்மா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. தெருக் கிணற்றில் பெண்கள் விடியற்காலையில் தண்ணீர் எடுப்பார்கள். அம்மா அன்றுமுதல் உச்சி வெயிலில், ஒருவரும் இல்லாத வேளையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பத்து வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போனார்.

அண்ணன் பகலில் தறி நெய்து, மற்ற நேரத்தில் படித்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் ஆனார். என்னைப் பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் ஒரு தறியில் உட்கார வைத்தார். அவரிடம் நான் படித்த பாடத்தைவிட வாங்கிய பிரம்படி அதிகம் என்பதால் அதுவே சரியான ஏற்பாடு. வேலையில் காலூன்றியதும், விடுமுறை விட்டால் அண்ணன் மலைக்குக் கிளம்பிவிடுவார். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார்.

மலைமேல் இரும்பு உருக்குவது அதற்குள் நின்றுபோயிருந்தது. சீமை இரும்பு மலிவாய் வந்தது. கரிக்கு மரம் வெட்டக் கூடாதென்று காட்டிலாகா தடுத்தது. உலைகளை முள் மூடிவிட்டது, குழிகளைப் புதர் மூடிவிட்டது. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பார். உலையில் உருக்கியபின் கழிவாய்க் கொட்டிய கறுப்புக் கிட்டம் எங்கே கிடக்கிறதோ, அங்கே பக்கத்தில் கல் வெட்டிய குழி இருக்கும் என்பது அவர் கணக்கு. உடைந்த துருத்திக் குழலையும் மழுங்கிய உளியையும் வைத்தியர் நாடி பார்ப்பதுபோலத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எடுத்த ஒவ்வொரு கல்லிலும் கழிவுப் பட்டு நூலால் ஒரு முடிச்சுப் போடுவார். கிழக்குச் சரிவுக்குச் சிவப்பு, ஓடைக்கரைக்குப் பச்சை, மேட்டுக்கு மஞ்சள். எந்த இடம் பார்த்தாயிற்று, எது பாக்கி என்பதற்கு அந்த முடிச்சுகளே அவருடைய புத்தகம்.

அந்தப் புத்தகத்தை நான்தான் அழித்தேன். ஒரு நாள் தறியில் பாவு இழைகள் அறுந்தன. பிணைக்க நூல் இல்லை. என் தறிக்குப் பக்கத்து மூலையில் அண்ணன் சேர்த்து வைத்திருந்த கற்கள் நூல் கட்டிக்கொண்டு மாப்பிள்ளைகள்போல் உட்கார்ந்திருந்தன. எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிட்டேன். இரண்டு வருஷத் தேடலை ஒரு புடவையின் ஓரத்தில் நெய்து முடித்த நெசவாளி இந்தச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அண்ணன் வந்து கற்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "புடவையாவது நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அடித்திருந்தால் ஆறியிருக்கும். அடுத்த விடுமுறையில் முதல் சரிவிலிருந்தே மறுபடி தொடங்கினோம்.

ஏற்கெனவே நடந்த பாதையில் திரும்ப நடந்ததால், ஏற்கெனவே பார்த்த குடிசைகளையே திரும்பப் பார்த்தோம். ஓரிடத்தில் ஒரு பெண்மணி சாமை குத்திக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் ஒரு காலத்தில் கல் வெட்டி உலை ஊதியவர். எங்களைக் கண்டதும் உலக்கையை நிறுத்தாமலே, போன வருஷமும் இதே கல்லைத்தானே பொறுக்கினீர்கள், அது இதற்குள் குஞ்சு பொரித்துவிட்டதா என்று கேட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக என்று அண்ணன் வழக்கமான பதிலைச் சொன்னார். பொய் சொன்ன பிள்ளையைப் பெஞ்சுமேல் ஏற்றுகிற உபாத்தியாயர், மலைமேல் ஏறினால் இந்த ஒரு பொய்யை மட்டும் சொல்லுவார். ஏனென்று எனக்குத் தெரியும். தகப்பனாரைப் பற்றிக் கேட்டால் பதில் வந்துவிடும். 'ஆமாம், அவர் இங்கிருந்துதான் கப்பலுக்குப் போனார்' என்று ஒரு வாய் சொல்லிவிட்டால், அதை அம்மாவிடம் எப்படிக் கொண்டுபோவது? கல் அப்படிச் சொல்லாது. அதனால் கற்களிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு என் குதிகாலில் முள் ஏறியிருந்தது. பசி வேறு. வாயை அடக்கிப் பழக்கமில்லாதவன் நான்.

"கல்லும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. எங்க நைனாவத் தேடிகினு இருக்கோம். பஞ்சத்துல கல்லு வெட்ட வந்தாரு, திரும்பி வரல" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். உலக்கை நின்றது.

"தறி நெய்யறவரா?" என்று அந்த அம்மாள் கேட்டார். தலையை ஆட்டினோம். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு ரெண்டு பசங்க, பெரியவன் வாயே தொறக்க மாட்டான், சின்னவன் மூடவே மாட்டான்னு சொல்லிகினே இருப்பாரு. எங்கப்பாவும் அவரும் ஒரே குழியிலதான் கல்லு வெட்டினாங்க."



பிறகு அவர் கோபித்துக்கொண்டார். "ஏன் சாமி, வருசக் கணக்கா கல்லு கல்லுன்னு கேட்டுகினு திரிஞ்சீங்களே, ஆளுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க காட்டிலாகா ஆளுங்கன்னு நெனச்சு நாங்களும் வாயத் தொறக்கல."

அவரே முன்னால் நடந்து கூட்டிப்போனார். பஞ்சம் முடிந்த முதல் மழையில் மண் சரிந்து, தகப்பனாரை உள்ளே வைத்து மூடிய குழி அது. மேலே ஒரு கொன்றை வளர்ந்திருந்தது. சுற்றிலும் கல் அடுக்கியிருந்தார்கள். ஊர் தெரியாது, பேர் தெரியாது, நெசவு செய்கிறவர் என்பது மட்டும் தெரியும். அதனால் மலைக்காரர்கள் அந்த இடத்தைத் தறிக்காரர் குழி என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். நாங்கள் அதற்கு முன்பு இரண்டு முறை அந்தப் பக்கமாகப் போயிருக்கிறோம். ஒரு முறை அந்தக் கொன்றை நிழலில் நான் படுத்துத் தூங்கியும் இருக்கிறேன். அண்ணன் ஒரு கல்லை எடுத்து, அதிலே முடிச்சுப் போடாமல், மற்றக் கற்களோடு வைத்துவிட்டு வெகுநேரம் முழங்காலில் நின்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்போ கப்பல் ஏறலியா?"

"இல்லம்மா. சாமை சேத்து வெச்சிகினு, வர ஞாயித்துக்கெழம ஊருக்குப் போறேன்னு சொன்னாராம்" என்றார் அண்ணன். நான் அறிந்தவரையில் அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீளமான பேச்சு அது.

மறுநாள் விடியற்காலையில் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு, தெருப் பெண்கள் எல்லோரும் நிற்கும் வேளையில் கிணற்றுக்குப் போனார்.

அதற்குப் பிறகும் அண்ணன் மலைக்குப் போனார். மலைப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார். பொய் சொன்ன கடனைத் தீர்க்கிறேன் என்பார். போன வருஷம் அங்கிருந்து திரும்பியபோதுதான் காய்ச்சலோடு வந்தார். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தார். கடைசியில் என் கையைப் பிடித்து, "ஏதாவது பேசுடா" என்றார். வாழ்நாள் முழுவதும் என்னை வாயை மூடு என்று சொன்னவர், பேசச் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அதற்காக இந்த மலரில் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரவு பகல் பாராமல் மருந்து கொடுத்த வைத்தியர் ஐயாவுக்கும், தோள் கொடுத்த சபையாருக்கும், தறியை நிறுத்திவிட்டு வந்து நின்ற முள்ளிப்பட்டு நண்பர்களுக்கும், வெயிலில் வரிசையாய் நின்ற பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. செய்தி கேட்டு மலையிலிருந்து அந்தப் பெண்மணி இரண்டு நாள் நடந்து வந்தார். அடக்கம் முடிந்த பிறகுதான் வந்து சேர முடிந்தது. முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்றே என்று வாசலில் உட்கார்ந்து அழுதவரை அம்மா கைப்பிடித்து எழுப்பினார்.

"அவரு இருக்கற எடத்த நீ என் பசங்களுக்குக் காட்டின. இவன் இருக்கற எடத்த நான் உனக்குக் காட்டறேன், வா" என்று கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.