ரெத்னோ எழுதிய ஒரு வரி

வாயில் பாதி கடித்த லும்பியா ரோல், மடியில் லேப்டாப், வலது கை விரல்கள் மட்டும் காற்றில் எதையோ அடித்துக்கொண்டிருக்கும். புரோகிராம் எழுதும்போது ரெத்னோ அக்கா பாதிதான் இங்கே இருப்பாள்.

"அக்கா, வாசல்ல மீன் போகுது."

"போகட்டும். அதுக்கு வழி தெரியும்."

மீன் நிஜமாகவே போய்க்கொண்டிருக்கும். செமாராங் நகரத்தின் வடக்குக் கடலோரத்தில் இருக்கிறது எங்கள் சந்து. மாதத்தில் சில மதியங்கள் கடல் உள்ளே நடந்து வரும். சத்தம் போடாது. நாலைந்து செருப்புகளைத் தூக்கிக்கொண்டு கனவில் வருவதுபோல் திரிந்துவிட்டுப் போகும். நிலம் இறங்க இறங்க நாங்கள் தரையை உயர்த்தியதில் ஜன்னல்கள் முழங்காலுக்கு வந்துவிட்டன. வாசலில் எல்லோரும் குனிகிறோம், ரொம்ப மரியாதைக்காரர்கள் போல.

சந்து முனையில் ஒரு குழாய், அதற்குள் நீர்மட்டம் பார்க்கும் கருவி. தண்ணீர் ஏறினால் சைரன் ஊதும். அந்தப் புரோகிராம் அக்காவுடையது. ஊதியதும் நாலு பேர் ஓடிப்போய் வாகிமான் தாத்தாவைத் தூக்க வேண்டும். இடுப்பு ஒடிந்து படுத்திருக்கிறார். சந்திலேயே தரையை உயர்த்தாத வீடு அவருடையது.

வெறுமனே ஊதுவது அக்காவுக்குப் போதாது. முனகலாகத் தொடங்கி மெல்ல ஏறும்படி எழுதியிருந்தாள். தூங்குகிற குழந்தை பயப்படாதாம்.

"சைரனுக்கு எதுக்கும்மா கற்பனை? தண்ணி வந்தா ஊதணும். என் மருமகன் மாதிரி அதையும் யோசிக்க வெச்சிடாத" என்பார் தாத்தா.

"யோசிக்காம எழுத நான் எதுக்கு? ஒரு மணியக் கட்டித் தொங்கவிடுங்க."

ஒரு நாள் அந்தக் குழாய்க்குள் நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். சந்து மொத்தமும் மெத்தையோடு ஓடியது. அழகான காட்சி. அக்கா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு வரி சேர்த்தாள்: ஒரு நிமிடத்துக்குள் ஒரு சாண் ஏறினால் அது கடல் இல்லை, வம்பு, பத்து நிமிடம் ஊதாதே.

"கடலுக்கு அவசரம் கிடையாதுடா. உனக்குத்தான்."

இன்னொரு வாளி ஊற்றிப் பார்த்தேன். சைரன் கம்மென்று இருந்தது. தோற்றதில் எனக்கே கொஞ்சம் பெருமைதான்.

ஜூன் மாதம், ஒரு மதியம், கடல் தடுப்புக் கரை உடைந்தது. அன்று கடல் நடந்து வரவில்லை, ஓடி வந்தது. சைரன் ஊதவில்லை. தண்ணீரைப் பார்த்தவர்கள் மேட்டுக்கு ஓடினார்கள். அக்கா எதிர்ப்பக்கம், தாத்தா வீட்டுக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். தாத்தாவின் தலை அவளுடைய இரண்டு கைகளிலும் இருந்தது, தண்ணீர் அவர் தாடைக்கு ஒரு விரல் கீழே. ஆட்கள் வந்து தூக்கும்போதுதான் வெளியே சைரன் மெல்ல முனகத் தொடங்கியது.

"யோசிச்சு முடிச்சிடுச்சு போல" என்றார் தாத்தா.

மறுநாள் அக்கா அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அந்த வரியை அழித்தாள்.

"வாளி ஊத்தினது நான்தான்" என்றேன்.

"வரி எழுதினது நான்தான்."

பிறகு தாத்தாவைப் பார்த்தாள். "அந்த முனகலையும் எடுத்துடவா?"

அவர் கூரையைப் பார்த்தார். "அது இருக்கட்டும். கேக்க நல்லாருக்கு."

இப்போது கடல் ஏறும் நாட்களில் அவள் தாத்தா வீட்டில் இருந்துதான் வேலை செய்கிறாள். செருப்பை வெளியே கழற்றிவிடுகிறாள். பார்வை திரையில், விரல்கள் காற்றில். வெறும் பாதங்கள் இரண்டும் சிமெண்டுத் தரையில் அழுந்தப் பதிந்திருக்கின்றன, ஈரம் எப்போது தொடும் என்று.