நிற்க ஒரு விசில், போக இரண்டு

பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். கண்டக்டர் ராசாங்கத்துக்குச் சொல்லோடு விசிலும் போயிற்று. மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லாமல் விசிலைக் கவ்வினால் பாதிக் காற்று சந்து வழியே ஓடிவிடும். மிச்சக் காற்றில் வரும் சத்தம் சளி பிடித்த சேவல் கூவுவது போல இருக்கும். அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் அந்தத் தனியார் பஸ் திருப்பத்தில் வரும்போதே, பல்லில்லாத விசில் வருகிறது என்று ஜனங்கள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொள்வார்கள்.

அந்தப் பல்லை எடுத்தது டாக்டர் அல்ல, சின்னதுரை. ரூட்டில் பாதி வழியில் முந்திரிக்காட்டை ஒட்டிய ஒரு ஊர்க்காரன். அவனும் அவன் கூட்டமும் தினமும் பஸ்ஸின் பின்படியில் தொங்கிக்கொண்டுதான் டவுனுக்கு வருவார்கள், போவார்கள். டிக்கெட் என்பது அவர்கள் மத்தியில் கெட்ட வார்த்தை. ஒருநாள் ராசாங்கம், "படியில தொங்காத, உள்ள ஏறு" என்று நாலே வார்த்தை சொன்னார். சின்னதுரை கையை வீசினான். நாலு வார்த்தைக்கு ஒரு பல் என்பது எந்தக் கணக்கிலும் அநியாய விலை.

போலீசுக்குப் போகச் சொன்னாள் மனைவி பூங்காவனம். நாளைக்கும் அதே ரூட்டில் போக வேண்டியவன் நான்தான், நீ இல்லை என்றார் ராசாங்கம். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த மாதம் வேறு ஏதோ ஊரில் ஏதோ ஒரு பஸ்ஸின் படியிலிருந்து ஆள் விழுந்து காலை ஒடித்துக்கொள்ள, இவருடைய முதலாளிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "நம்ம வண்டியில இனி எவனாச்சும் படியில தொங்கி கேஸ் ஆச்சுன்னா, பையக் கழட்டி வச்சிட்டு வூட்டுக்குப் போயிடு" என்று ராசாங்கத்திடம் சொல்லிவிட்டார். சொன்னால் பல் போகும், சொல்லாவிட்டால் பிழைப்பு போகும். அன்றிலிருந்து சின்னதுரை கூட்டம் ஏறும் இடம் வந்தால் ராசாங்கம் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டார். விசில் வரை வந்த மூச்சை விழுங்கிவிட்டு நின்றார். ஒவ்வொரு டிரிப்பிலும் அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அந்த வருஷங்களில் அரியலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது, மறு வருஷமே பெரம்பலூரோடு மறுபடி சேர்ந்தது. மாவட்டமே ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும்போது சின்னதுரையை மட்டும் குறை சொல்வானேன்? அவன் கூட்டத்துப் பையன்கள் எல்லாம் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர்கள். முந்திரி சீசன் முடிந்தால் வேலை கிடையாது. சுண்ணாம்புக்கல் லாரியில் ஏற்றக் கூப்பிட்டால் உண்டு, கூப்பிடாவிட்டால் முந்திரி மரத்தடியில் சீட்டும் சாராயமும். ஊரில் கோழி காணாமல் போனாலும் முதலில் தேடப்படுவது அவர்கள்தான். பாதி நேரம் கோழி அவர்களிடம்தான் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இந்த நேரத்தில்தான் அல்தாப் பாய் வந்து சேர்ந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து அரியலூர் கடைத்தெருவில் பாரின் சாமான் கடை வைத்திருந்தார். கிளப்பில் என்ன வேலை என்றால், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவதும் சேறு பிடித்த பனியன்களைத் துவைப்பதும். விளையாடியதே கிடையாது. ஆனால் கோட்டுக்கு வெளியே வாளியோடு உட்கார்ந்து ஆட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தார். கடையில் செண்டு பாட்டில்களுக்கு நடுவே முட்டை மாதிரி நீண்ட ஒரு ரக்பி பந்து வைத்திருந்தார், விற்பனைக்கு அல்ல.

சின்னதுரை கூட்டம் கடைக்கு வம்பு வளர்க்கத்தான் வந்தது. பந்தைப் பார்த்ததும், இதென்ன பாய், பந்து மேல லாரி ஏறிடுச்சா என்று சிரித்தார்கள். அல்தாப் கோபப்படவில்லை. கல்லாவில் உட்கார்ந்து அலுத்துப் போயிருந்த மனுஷன் அவர். இந்த ஆட்டத்தில் பந்து வைத்திருப்பவனை ஓடிப் போய்க் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கலாம், ஒருத்தனும் கேஸ் போட மாட்டான் என்று ஒரே ஒரு விதியைச் சொன்னார். கேஸ் இல்லாத அடிதடி! பையன்கள் வாயைப் பிளந்துவிட்டார்கள்.

அரியலூரைத் தாண்டியதும் ரோட்டோரம் இருந்த வறண்ட ஏரியில் ஆட்டம் ஆரம்பித்தது. ஆட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். பந்து வைத்திருப்பவனை மட்டும் சாய்க்க வேண்டும் என்பதைப் பையன்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எதிரில் நிற்பவன், பக்கத்தில் நிற்பவன், வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லாரையும் சாய்த்தார்கள். இரண்டு பேர் பந்தை எடுத்துக்கொண்டு மூச்சுப் பிடித்து 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டே ஓடினார்கள். அல்தாப் தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, யா அல்லா என்று தலையில் கை வைத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கென்று ராசாங்கத்தின் பஸ் ஏரிக்கு எதிரே பஞ்சரானது. டிரைவர் கருப்பண்ணன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்க, ராசாங்கம் ஏரிக்கரையில் நின்று எட்டிப் பார்த்தார். சின்னதுரை ஒருவனைப் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். ராசாங்கம் யோசிக்கவே இல்லை. வாயில் கிடந்த விசில் தானாக ஊதியது.

ஏரி முழுக்க அப்படியே நின்றது. பிறந்ததிலிருந்து அந்த ரூட்டில் வளர்ந்த பையன்கள். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும் என்பது அவர்கள் ரத்தத்தில் ஊறியிருந்தது. ராசாங்கம் பயந்து போனார். உள்ளே போன பயம் வெளியே வரும்போது இரண்டு விசிலாக வந்தது. உடனே எல்லாரும் மறுபடி ஓட ஆரம்பித்தார்கள். அல்தாப் எழுந்து ஓடி வந்து ராசாங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

ரெப்ரியாக, அதாவது ஆட்டத்துக்கு நடுவராக, இருக்க ராசாங்கம் ஒப்புக்கொண்டது இளைஞர்களைத் திருத்துவதற்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடையில் டீ குடித்துக்கொண்டே அல்தாப் விதிகளைச் சொல்லச் சொல்ல, மூன்று விஷயங்கள் அவர் காதில் தேனாகப் பாய்ந்தன. ரெப்ரி விசில் அடித்தால் எதிர்த்துப் பேசக் கூடாது. ரெப்ரியை சார் என்றுதான் கூப்பிட வேண்டும். தோளுக்கு மேல் எவன் கை போனாலும் வெளியே. இந்த மூன்றாவது விதி மட்டும் பஸ்ஸில் இருந்திருந்தால் என் பல் இருந்திருக்கும் என்று பூங்காவனத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். பழிவாங்க இப்படி ஒரு சட்டபூர்வமான வழி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே!

ஒரு நாள் டூட்டி, ஒரு நாள் ஓய்வு. ஓய்வு நாளெல்லாம் வெயில் தாழ ஏரியில் நின்று சின்னதுரை மூச்சு விட்டாலும் விசில் அடித்தார். ஆட்டத்தை அவர் பஸ்ஸாகவே புரிந்துகொண்டார். எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் கோத்து முட்டித் தள்ளும் கட்டம் வந்தால், "உள்ள போ, உள்ள போ, எடம் கெடக்கு" என்பார். இந்த ஆட்டத்தில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. முன்னால் ஓட வேண்டும், ஆனால் பந்தைக் கையால் பின்னால்தான் கொடுக்க வேண்டும், முன்னால் எறிந்தால் தப்பு. பையன்களுக்கு இது மண்டையில் ஏறவில்லை. நெரிசலில் பின்சீட்டுக்காரனுக்கு டிக்கெட் கை மாறிப் போகிறதே அதுதான், பாஸ் பண்ணுங்க என்றார் ராசாங்கம். ஏறிவிட்டது.

மாற்றம் என்று ஒன்று வந்தது, சத்தமில்லாமல். சாராயம் குடித்துவிட்டு ஓடியவன் ஏரியில் வாந்தியெடுத்தான், பிறகு குடிப்பதைக் குறைத்தான். சாயங்காலம் இத்தனை பேரைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவனுக்குக் கடைத்தெருவில் சண்டை போடத் தெம்பு இல்லை. கோழிகள் கொஞ்ச நாள் கூடுதலாக வாழ்ந்தன. ஏரியில் சின்னதுரை பல்லைக் கடித்துக்கொண்டாவது சார் என்றான். ஆனால் பஸ்ஸில் அதே படி, அதே தொங்கல். ராசாங்கமும் அதே வானத்தைப் பார்த்தார். ஏரியில் சிங்கம், பஸ்ஸில் பூனை. அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அல்தாப் ஏற்பாட்டில் சென்னை கிளப் ஒன்றின் இரண்டாம் டீம் வேனில் வந்து இறங்கியது. ஏரிக்கரை நிறைய ஜனம். மதிய டிரிப்புக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, சாயங்கால டிரிப்புக்கு வந்துவிடுகிறேன் என்று ராசாங்கம் காக்கிச் சட்டையோடே வந்து நின்றார். முதல் பத்து நிமிஷம் சென்னைப் பையன்கள் திண்டாடிப் போனார்கள். ஒரு விசிலுக்கு அவர்கள் ஓடினார்கள், நம்மவர்கள் நின்றார்கள். இது உள்ளூர் விதி என்று அல்தாப் கூசாமல் சொன்னார்.

கடைசி நிமிஷத்தில் சென்னை மூன்று பாயிண்ட் முன்னால் இருந்தது. பந்து கோட்டோரமாகக் கை மாறிச் சின்னதுரைக்கு வந்தது. மூன்று பேரை இழுத்துக்கொண்டே ஓடிப் போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தை வைத்துவிட்டான். ஐந்து பாயிண்ட். ஜெயித்தாயிற்று. ஏரிக்கரை அதிர்ந்தது. வாழ்க்கையில் எதிலும் ஜெயிக்காத பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து அழுதார்கள்.

ஆனால் கடைசியாக வந்த அந்தப் பந்து முன்னால் எறியப்பட்டது. பக்கத்திலேயே ஓடி வந்த ராசாங்கம் மட்டும் பார்த்தார்.

சும்மா இருந்தால் மாலை மரியாதை. விசில் அடித்தால் இன்னொரு பல். கை தானாக வாயை மூடப் போயிற்று. மூச்சை விழுங்கப் பார்த்தார், பஸ்ஸில் தினமும் விழுங்குகிற அதே மூச்சு. இந்தத் தடவை அது இறங்கவில்லை. அவருக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டார், ஒரே விசில்.

சத்தம் அடங்கியது. சின்னதுரை எழுந்து பந்தோடு நேரே வந்தான். அவன் பல்லைத் தட்டுடா என்று கரையிலிருந்து எவனோ கத்தினான். அல்தாப் இடையில் வரப் பார்த்தார், வரவில்லை.

"முன்னாலயா போச்சு?" என்றான் சின்னதுரை.

"முன்னாலதான் போச்சு."

"எவ்ளோ?"

"ஒரு மொழம்."

சின்னதுரை அவர் வாயையே பார்த்தான், தான் உண்டாக்கிய ஓட்டையை. பிறகு பந்தை அவர் கையில் வைத்தான். "சரிங்க சார்." பின்னால் எகிறிக்கொண்டு வந்த தன் ஆட்களிடம் திரும்பி, "விசில் அடிச்சாச்சுல்ல. நின்னுதான ஆவணும்" என்றான்.

தோற்றுப்போனார்கள்.

சாயங்கால டிரிப். ஏரிப்பக்கம் பஸ் நின்றதும் அத்தனை பேரும் முகத்தைத் தூக்கிக்கொண்டு பின்படியில் தொங்கினார்கள். உள்ளே இடம் இருக்கத்தான் செய்தது. ராசாங்கம் பழக்கத்தில் இரண்டு விசில் கொடுத்து, வண்டி நகர்ந்ததும் ஜன்னல் பக்கம் திரும்பினார். வானம் சிவந்திருந்தது. அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. ஒரு விசில் கொடுத்தார். கருப்பண்ணன் நடுரோட்டிலேயே பிரேக்கை மிதித்தார்.

"எல்லாரும் உள்ள ஏறுங்க. ஏறினாத்தான் வண்டி கெளம்பும்."

சின்னதுரை கம்பியை விடாமல் சொன்னான்: "இது ஏரி இல்ல."

"விசில் அதே விசில்தான்."

ராசாங்கம் கண்ணை எடுக்கவில்லை. சின்னதுரை தலையைக் குனிந்து, பக்கத்தில் இருந்தவன் தோளில் கையைப் போட்டான். அந்தக் கூட்டத்துக்குப் பஸ்ஸில் ஏற ஒரே ஒரு வழிதான் தெரியும். தோளோடு தோள் கோத்து, மொத்தமாக ஒரு தள்ளு. கீரைக்கூடைக்காரி கூடையோடு நகர்ந்தாள், நின்றவர்கள் எல்லாம் சரிந்தார்கள், ராசாங்கம் பையோடு போய் டிரைவர் பக்கத்து இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்தார். எழுந்து பார்த்தபோது படி காலியாக இருந்தது. அவர் அதை நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார்.

அடைத்த மூச்சைத் திரட்டி இரண்டு விசில் கொடுத்தார். பஸ் கிளம்பியது. கடைசிச் சீட்டுப் பக்கமிருந்து கசங்கிய நோட்டு ஒன்று கை மாறிக் கை மாறி வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னாலேயே சின்னதுரையின் குரலும் வந்தது.

"எங்க எல்லாருக்கும் டிக்கெட்டு. முன்னாலதான் பாஸ் பண்றேன், விசில் அடிச்சிடாதீங்க சார்."