மீட்டரக்கா விரட்டிய உள்ளான்

மின் அலுவலகத்தில் அவளுக்கு ஒரு பெயர், உப்பளத்தில் இன்னொரு பெயர். அலுவலகத்தில் 'ஃப்யூஸ்' என்பார்கள், அதுவும் அவள் ஸ்கூட்டர் வெளிவாசலைத் தாண்டின பிறகுதான். உப்பளத்துப் பெண்களுக்கு அவள் மீட்டரக்கா. இருபத்திரண்டு வருஷமாக மாவட்டத்தின் கடல் பக்கம் முழுவதும் மீட்டர் பார்க்கிற வேலை. ஐஸ் தொழிற்சாலை, இறால் பண்ணை, கலங்கரை விளக்கக் குடியிருப்பு, உப்பளங்களின் பம்புக் கொட்டகை என்று அவள் வண்டித்தடம் படாத வரப்பு கிடையாது. மற்றவர்களுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அவளுக்கு அது மூக்கையும் தாண்டி ஹெல்மெட் கண்ணாடியில் ஆவியாகப் படிந்திருக்கும். மீட்டர் பெட்டிக்கு முன்னால் மூட்டை அடுக்கியவர்கள், நாயைக் கட்டாமல் விட்டவர்கள் எல்லோரும் அதை ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

பறவைப் பைத்தியம் பிடித்ததும் ஒரு கோபத்தில்தான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஒரு கொட்டகைக்குப் பக்கத்தில் மின்கம்பிக்கு நேர் கீழே ஒரு பறவை செத்துக் கிடந்தது. உள்ளங்கை அகலம். காலில் ஓர் உலோக வளையம், அதில் எண்ணும் முகவரியும். வளையத்தைக் கழற்றித் தபாலில் அனுப்பினாள். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது: ஆறாயிரம் கிலோமீட்டர் வடக்கே ஒரு சதுப்பில் குஞ்சாக இருந்தபோது மாட்டிய வளையம் அது. கடிதத்தை அவள் மூன்று முறை படித்தாள். அவ்வளவு தூரம் மலையும் பாலைவனமும் கடந்து வந்த உயிர், தன் அலுவலகம் இழுத்த கம்பியில் அடிபட்டா சாக வேண்டும்? அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. மறு மாதமே பழைய சாமான் கடையில் ஒரு பைனாகுலர் வாங்கினாள். இன்னும் யார் யாரெல்லாம் இப்படி வருகிறார்கள் என்று பார்த்துவிடுவோமே என்றுதான்.

அதற்குப் பிறகு பத்தொன்பது குளிர்காலம். நவம்பரில் சேற்றில் மேயும் உள்ளான்களின் முதல் கூட்டம் இறங்குவதிலிருந்து மார்ச்சில் கடைசிக் கூட்டம் கிளம்புகிறவரை, போகிற இடமெல்லாம் வேலை முடிந்ததும் அரை மணி நேரம் நிற்பாள். எது, எத்தனை, எங்கே என்று எழுதுவாள். பவளக்காலி, உப்புக்கொத்தி, ஆலா, பூநாரை என்று பெயர்கள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. மாதக் கடைசியில் பட்டியல் மாவட்டப் பறவைச் சங்கத்துக்குப் போகும். சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். நன்றாகப் பேசுவார், நன்றாகத் துவைத்த சட்டை போடுவார். ஒவ்வொரு மார்ச்சிலும் சங்கம் குளிர்கால அறிக்கை வெளியிடும். மாவட்டக் கடற்கரையில் முப்பத்தொரு இடம் அதில் உண்டு, பத்தொன்பது இடத்தின் எண்ணிக்கை மீட்டரக்கா கொடுத்தது. அவள் பெயர் எங்கும் இருக்காது. கடைசிப் பக்கத்தில் 'தகவல் உதவி: உள்ளூர்வாசிகள்' என்று ஒரு வரி இருக்கும். அதைப் பற்றி அவள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. எண்ணிக்கை சரியாக அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். ஒருமுறை பவளக்காலி நானூறு என்பது நாற்பது என்று வந்தபோது சங்கத்துக்குப் போன் போட்டுக் கிழித்துவிட்டாள்.

அந்த ஜனவரியில் ஒரு புதன்கிழமை. உப்பளத்தின் கடைசிப் பாத்தி, கடலை ஒட்டியது. பம்பு மீட்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணீரில் கொசு உள்ளான்கள் முந்நூறு, தையல் மெஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் கொத்திக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்று மட்டும் கொத்தவில்லை. தலையைக் குனிந்து, மூக்கை இடமும் வலமும் ஆட்டி, சேற்றைத் துழாவிக்கொண்டே நடந்தது. தலை நிமிர்ந்தபோது பார்த்தாள். மூக்கு நுனி தட்டையாக, சின்னக் கரண்டி போல விரிந்திருந்தது.

நாற்பது நிமிஷம் நின்றாள். பைனாகுலரைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். புகார்ப் படிவம் ஒன்றின் பின்பக்கம் பேனாவால் படம் வரைந்தாள். உப்பளத்து மேஸ்திரியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மேஸ்திரியம்மா நாற்பது பெண்களை வேலை வாங்குகிறவள், லேசில் எதற்கும் வியக்காதவள். பார்த்துவிட்டு, "ஆமாக்கா, கரண்டியேதான்," என்றாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், அவளுடைய கோபத்தோடு இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய அனுபவசாலி. "கரண்டியையும் கையோட கொண்டுவந்துடுச்சா? அப்போ சாப்பாடு மட்டும் நாம போட்டாப் போதும்," என்றார். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

படத்தோடு, இடம், தேதி, நேரம் எல்லாம் எழுதிச் செயலாளருக்கு அனுப்பினாள். இரண்டாம் நாள் அவரே போன் செய்தார்.

"அம்மா, இது உலகத்துலயே சில நூறுதான் மிச்சம் இருக்கிற பறவை. நம்ம மாவட்டத்துல இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல. மூக்குல சேறு ஒட்டியிருந்திருக்கும்."

"ரெண்டு பக்கமும் ஒரே அளவாவா சார் சேறு ஒட்டும்?"

"போட்டோ இருக்கா?"

"இல்ல சார்."

அப்படியென்றால் ஏற்க முடியாது, பதிவு செய்கிறவருக்கு அனுபவம் போதாது என்று சங்கத்தின் பதிவுக் குழு நினைக்கும் என்று பக்குவமாகச் சொல்லி வைத்துவிட்டார். பத்தொன்பது வருஷத்துப் பட்டியலில் இல்லாத அனுபவக் குறைவு ஒரே பறவையில் எப்படி வந்தது என்று அவள் கேட்க நினைத்தபோது போனில் ஆள் இல்லை.

அடுத்த வாரமே ஐஸ் தொழிற்சாலை மேலாளரின் மேசையில் அன்றைய பேப்பர் கிடந்தது. மாவட்டச் செய்திப் பக்கத்தில் செயலாளர் தொலைநோக்கியோடு நிற்கிறார். பக்கத்தில் கரண்டிமூக்கு உள்ளானின் படம், ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போலத் தெளிவாக. அவர் பல நாள் தேடிக் கண்டுபிடித்தாராம். எந்த உப்பளம், எந்தப் பாத்தி, எந்தப் பம்புக் கொட்டகைக்குப் பின்னால் என்பதுவரை போட்டிருந்தது. கொட்டகை அடையாளம் வார்த்தைக்கு வார்த்தை அவள் எழுதியது.

அன்று வீட்டில் அவள் கத்தவில்லை. அதுதான் கணவருக்குப் பயமாக இருந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, அந்த ஆள் இடத்தைப் பேப்பரில் போட்டுவிட்டார் என்று மட்டும் சொன்னாள். பேரைத் திருடியது கூட இருக்கட்டும், இடத்தை ஊருக்கெல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டாரே என்பதுதான் அவளை அரித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேஸ்திரியம்மா போன் செய்தாள். "அக்கா, முப்பது காருக்கு மேல வந்து நிக்குது. வரப்பை மிதிச்சு ஒடைச்சுட்டாங்க. சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது கடலில் நீர் ஏறிவிட்டிருந்தது. அந்த நேரத்தில் மேயச் சேறு இருக்காது. மாவட்டக் கரை முழுவதிலிருந்தும் வந்த உள்ளான்கள், மூவாயிரம், நாலாயிரம், அந்தக் கடைசி வரப்பில் நெருங்கி உட்கார்ந்து ஓய்வெடுக்கும். ஒற்றைக்காலில் நின்று, மூக்கைச் சிறகுக்குள் செருகித் தூங்கும். பீரங்கி நீளத்துக்கு லென்ஸ் வைத்தவர்கள் இருபது அடி தூரத்தில் நின்றார்கள். மேலே ஒரு ட்ரோன் வண்டு போல ரீங்காரம் போட்டது. சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் உப்புக்கட்டியை எடுத்துக் கூட்டத்தின் ஓரத்தில் எறிந்தார், பறக்கிறபோது படம் பிடிப்பதற்காக. ஒரு பகுதி எழும்பும், சுற்றும், உட்கார இடமில்லாமல் அதே வரப்புக்குத் திரும்பும். மறுபடி ஒரு கட்டி. செயலாளர் நான்கு பேருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எறிவதை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அவளுக்குக் கண் இருட்டியது. ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் வரப்பில் ஓடினாள். என்ன கத்தினாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. மேஸ்திரியம்மாவுக்கு நினைவிருந்தது, ஆனால் திருப்பிச் சொல்லக் கூசினாள். இரண்டு கையையும் வீசிக்கொண்டு, சிவப்புத் தொப்பியை நோக்கி, அந்தக் குறுகின வரப்பில், பறவைகளுக்கு நேராக ஓடினாள்.

மொத்தக் கூட்டமும் எழும்பியது. உலர்த்தப் போட்ட பெரிய துணியைக் காற்று பிடுங்கியது போல ஒரே விரிப்பாக மேலே போய், வெள்ளையும் சாம்பலுமாக ஒரு முறை திரும்பி, கடலுக்கு மேல் போய் மறைந்தது. இந்த முறை ஒன்றுகூடத் திரும்பவில்லை.

அவள் நின்றாள். மூச்சு வாங்கியது. எல்லா லென்ஸும் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தன. வெறும் வரப்பில் எச்சமும் நாலைந்து இறகும் கிடந்தன. கட்டி எறிந்து போகாத கூட்டம், ட்ரோனுக்குப் போகாத கூட்டம், தன்னால் போய்விட்டது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பன்னிரண்டு நாள் தேடினாள். காலையில் வேலைக்கு முன்னால் ஒரு கழிமுகம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பாத்தி. கொசு உள்ளான்கள் நாலு நாளில் திரும்பிவிட்டன. கரண்டிமூக்கு திரும்பவில்லை. செயலாளரைக் கொல்ல வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கணவர் தினமும் அவள் டிபன் பாக்ஸைக் கட்டிக்கொடுத்தார்.

மார்ச்சில் அறிக்கை வந்தது. 'கரண்டிமூக்கு உள்ளான், ஒன்று. மாவட்டத்தின் முதல் பதிவு. கண்டறிந்தவர்: செயலாளர். உள்ளூர்ப் பெண் ஒருவர் செய்த இடையூறால் பறவை இடத்தை விட்டு அகன்றது.' முழுப் பொய்யாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பாள். பாதி உண்மையாக இருந்ததுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நூலகத்து மாடியில். பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது பேர். மேஸ்திரியம்மாவை அழைத்துக்கொண்டு, வேலைச் சட்டையோடு போனாள். அறிக்கை பற்றி யாருக்காவது கருத்து உண்டா என்று செயலாளர் கேட்டதும் எழுந்தாள்.

"நான்தான் சார் அந்த உள்ளூர்ப் பெண். பறவையை வெரட்டினது நான்தான், அதை மாத்த வேண்டாம். ஆனா அதை முதல்ல பார்த்ததும் நான்தான். எழுதி அனுப்பினேன், சேறுன்னு சொன்னீங்க. அந்தச் சேத்தைத் தேடி நீங்க எதுக்கு வந்தீங்க? கட்டி எறிஞ்சப்ப நீங்க பத்தடியில நின்னீங்க. என் தப்பை எழுதத் தெரிஞ்ச கைக்கு, அது தெரியலையா?"

செயலாளர், உணர்ச்சிவசப்பட வேண்டாம், நடைமுறை என்று ஒன்று இருக்கிறது என்றார். படமில்லாத பதிவுக்கு மதிப்பில்லை என்று விளக்கத் தொடங்கினார். அதற்குள் நடு வரிசையில் ஒரு பல் மருத்துவர், நாற்பது வயது அம்மாள், எழுந்து நின்றார். முகம் சிவந்திருந்தது.

"கட்டி எறிஞ்சது என் வீட்டுக்காரர். நானும் பக்கத்துலதான் நின்னேன். இவங்க சொல்றது சரி. நாங்க போறப்ப, அந்தக் கொட்டகை அடையாளம் கையால எழுதின காகிதத்தை சார்தான் எங்களுக்கு வாட்ஸப்புல அனுப்பினார். பேனாவால போட்ட படமும் அதுலயே இருந்துச்சு."

செயலாளர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார், குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது ரொம்பப் பெரிய வெற்றி ஒன்றுமில்லை. அறிக்கையில் ஒட்டுவதற்குத் திருத்தச் சீட்டு ஒன்று அடித்தார்கள். கண்டறிந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் வந்தது. இடையூறு என்ற வரியை எடுத்துவிடலாம் என்று குழுவே சொன்னது, அவள் விடவில்லை. கட்டி எறிந்தவர்களையும் ட்ரோன் விட்டவர்களையும் சேர்த்து எழுதுங்கள், என்னையும் வையுங்கள் என்றாள். அப்படியே அச்சானது. செயலாளர் செயலாளராகவே நீடித்தார். சீட்டை எத்தனை பிரதிகளில் உண்மையிலேயே ஒட்டினார்களோ தெரியாது.

அடுத்த குளிர்காலத்துக்கு முன்பே மேஸ்திரியம்மா உப்பள முதலாளியிடம் பேசி, கடைசி வரப்புக்குப் போகிற வழியில் இரும்புக் கேட் போட வைத்தாள். சாவி அவள் இடுப்பில். மீட்டர் பார்க்க வருகிறவளுக்கு மட்டும் கேட் திறந்தது. மீட்டரக்கா எண்ணுவதை நிறுத்தவில்லை, சங்கத்துக்கு அனுப்புவதையும் நிறுத்தவில்லை. பறவை, எண்ணிக்கை, தேதி எல்லாம் முன்னைப் போலவே துல்லியமாக இருந்தன. இடம் என்ற கட்டத்தில் மட்டும் பத்தொன்பது இடத்துக்கும் 'சொல்ல மாட்டேன்' என்று எழுதியிருந்தாள். இடமில்லாத பதிவை ஏற்க விதிமுறை இல்லை என்று பதில் வந்தது. சரி என்று ஒரு சொல்லில் பதில் எழுதினாள். அந்த வருஷ அறிக்கையில் முப்பத்தொரு இடத்தில் பன்னிரண்டுதான் இருந்தன.

அந்த அறிக்கை வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரியில், செயலாளர் தனியாக வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். பணிந்து பேசினார். மாவட்டத்தின் பதிவு பாழாகிறதே, நீங்களே இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அவள் கேட்டின் உள்பக்கம் நின்று ஹெல்மெட் பட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அது திரும்ப வந்துச்சா?" என்றார்.

"வந்தாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன் சார்," என்றாள்.

வண்டியைக் கிளப்பி வரப்பில் போனாள். உண்மையில் அது திரும்ப வரவில்லை. நவம்பரிலிருந்து ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வொரு மூக்காகப் பார்த்துவிட்டாள். கொட்டகை முன்னால் மேஸ்திரியம்மா, அந்த ஆளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி பதில் கொடுத்தீங்கக்கா என்று சிரித்தாள். மீட்டரக்கா சிரிக்கவில்லை. பேசாமல் இரு என்று அவள் மேலேயே எரிந்து விழுந்துவிட்டு, பைனாகுலரை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். அன்று அந்தப் பாத்தியில் இருநூற்று அறுபது கொசு உள்ளான் இருந்தன.