ராணியக்கா சொன்ன முடிவு

ஞாயிற்றுக்கிழமை குன்னூரில் நல்ல மழை. டிவியில் ஒரு பழைய படத்தின் பாட்டு ஒலித்ததும், நாங்கள் முன்பு இருந்த சேரம்பாடி தேயிலை எஸ்டேட் லைன் வீட்டின் விறகுப் புகை எனக்கு மணத்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அம்மா ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பாவும் அங்கேயே தங்கிவிட்டதால், பக்கத்து வீட்டு ராணியக்காதான் என்னைப் பார்த்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கிற ராணியக்கா கூடலூருக்கு வரும் எந்தப் புதுப்படத்தையும் விடமாட்டாள். திங்கட்கிழமை எஸ்டேட்டே அவளிடம்தான் படம் எப்படி என்று கேட்கும். "பாட்டு நல்லாருக்குது, சண்டைதான் இழுவை" என்பாள்.

அந்த வாரப் படத்தில் ஒரு அம்மா நோயில் படுப்பதாகக் கேள்விப்பட்டேன்.

"கடைசில அந்தம்மா என்னாகுதுங்கக்கா?"

என் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "பொழச்சு ஊட்டுக்கு வந்துருது கண்ணு. நல்ல படம்."

அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் என் அம்மாவும் வந்துவிட்டாள்.

டிவியில் ஓடிய அந்தப் படத்தை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன். அதில் அம்மா இறந்துவிடுகிறாள். உடனே ராணியக்காவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"அன்னைக்கு உங்கிட்ட வேறென்னத்தச் சொல்றது?" என்றாள். "அத வுடு. இப்ப என்ன படம் பாக்கலாம், சொல்லு."



"இந்த வாரம் வர்றேனுங்கக்கா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போலாம்" என்றேன்.